மயிலிட்டியில் தூக்கி வை, மொன்றியலில் நிமிர்த்தி வை

செயின்ட்-மிஷேலில் வளர்ந்த எல்லாருக்கும் ஃபிரான்கோன் குவாரியைத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரிய பள்ளம். இன்றைக்கு மொன்றியல் நகரம் தன்னுடைய பனியைக் கொண்டுவந்து கொட்டுகிற மிகப்பெரிய இடம் அதுதான். குளிர்காலம் முழுக்க லொறிகள் வரிசையில் நிற்கும். ஜூன் மாதம் நாங்கள் ரீசேர்ட்டோடு திரியும்போதும் உள்ளே கறுத்துப்போன பனிமலை ஒன்று கரைந்தபடி கிடக்கும்.

அந்தக் குவாரிக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில்தான் எங்கள் வீடு இருந்தது. பிரெஞ்சில் 'ருயெல்' என்று சொல்கிற, வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற அந்தப் பாதையை அம்மாக்கள் எல்லாரும் ஒழுங்கை என்றுதான் சொல்வார்கள். அங்கே மூன்று வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் மாமாதான். மயிலிட்டிக்காரர். பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கினவர். மொன்றியலில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில், எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, ஒரு பழைய அலுமினியம் போட்டும் அவுட்போர்ட் எஞ்சினும் வாங்கினார். அந்தக் கோடை முழுக்க றிவியேர் தெ பிரேரியில் இறக்கி மீன் பிடித்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

அந்த எஞ்சின் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனது. அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் செத்தது என்று விளங்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். அந்த வரலாறு இந்த ஆற்றில் தொடங்கி, காரைநகர் வரைக்கும் போய், திரும்பி எங்கள் ஒழுங்கைக்கே வருகிறது.

தண்ணீரின் விசித்திரக் குணம்

நீங்கள் எப்போதாவது ஒரு சோடாக் கேனை ஃபிரீசருக்குள் வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். திறந்து பார்த்தால் வெடித்திருக்கும். அநேகமான பொருட்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 பாகை வரைக்கும் சுருங்கும். அதற்குக் கீழே போனால் திரும்பவும் விரியத் தொடங்கும். 0 பாகையில் பனிக்கட்டியாக மாறும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும்.

இந்தக் குணம் இல்லாவிட்டால் இங்கே மீனே இருக்காது. பனிக்கட்டி தண்ணீரைவிடப் பாரம் குறைவு என்பதால் மிதக்கிறது. மேலே கட்டியாகி மூடிவிடுகிறது. கீழே தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, மீன் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதே 9 வீதம் ஒரு இரும்புக் குழாய்க்குள்ளோ அலுமினிய வார்ப்புக்குள்ளோ அகப்பட்டால், அதற்குப் போக வேறு இடம் இல்லை. வார்ப்பு உலோகம் இரப்பர் மாதிரி இழுபடாது, வெடிக்கும். எஞ்சினில் ஒரு கோப்பைத் தண்ணீர் நின்றாலே போதும்.

அதனால்தான் குளிர்நாட்டில் எஞ்சினைப் பாதுகாப்பது என்பது முதலில் தண்ணீரை வெளியே எடுக்கிற வேலை. மிச்சம் எல்லாம் பிறகுதான்.

பூட்டிக் கிடந்த துறைமுகம்

இன்றைக்கு மொன்றியல் துறைமுகம் வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது. ஆனால் இது புதுப் பழக்கம். 1964 வரைக்கும் குளிர்காலத்தில் இந்தத் துறைமுகம் மூடிக்கிடந்தது. சென் லோரன்ஸ் ஆறு உறைந்துவிடும். கடலிலிருந்து வருகிற கப்பல்கள் அதற்கு முன்னால் திரும்பிப் போய்விட வேண்டும். போகாதவை இங்கேயே வசந்தம் வரும்வரை அகப்பட்டுக் கிடக்கும்.

வசந்தத்தில் வருகிற முதல் கப்பல் நகரத்துக்கே பெருநாள் மாதிரி. 1840 முதல், வருடத்தின் முதல் கடற்கப்பலைக் கொண்டுவந்த கப்டனுக்குப் பரிசு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. இன்று அந்தப் பரிசு தங்கப்பிடி வைத்த கைத்தடி. முன்பெல்லாம் ஏப்ரல் அளவில்தான் அந்தக் கப்பல் வரும். இப்போது ஜனவரி முதல் நாட்களிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

ஆறு எவ்வளவு இறுகும் என்பதற்கு ஒரு உதாரணம். 1880ஆம் ஆண்டு ஹோஷலாகாவுக்கும் லோங்கேய்க்கும் நடுவே ஆற்றுப் பனிக்கு மேலேயே தண்டவாளம் போட்டு றெயில் ஓட்டினார்கள். சில குளிர்காலங்கள் அது ஓடியது. 1881இல் ஒரு எஞ்சின் பனி உடைந்து ஆற்றுக்குள் போனது. 1886 வசந்தத்திலோ, உடைந்த பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்து நகரத்தின் தாழ்ந்த பகுதிகளை வெள்ளத்தில் மூழ்கடித்தன.

1964 ஜனவரி 4ஆம் திகதி 'ஹெல்கா டான்' என்ற டென்மார்க் கப்பல், பனியைத் தாங்கும்படி கட்டப்பட்டது, நடுக் குளிர்காலத்தில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்துதான் துறைமுகம் குளிர்காலத்திலும் வேலை செய்கிறது. ஆனால் மொன்றியலுக்கு மேலே, 1959இல் திறந்த கடல்வழிப் பாதையின் பூட்டுவாய்கள் இன்றைக்கும் குளிர்காலத்தில் மூடித்தான் கிடக்கின்றன. சின்ன போட்டுக்காரரும் அப்படியே. ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் எல்லாரும் போட்டைக் கரைக்கு எடுத்துவிடுவார்கள்.

இங்கே எஞ்சின் பூட்டிய கப்பலின் கதையும் குளிரோடுதான் தொடங்குகிறது. பியர் காய்ச்சுகிற தொழிலில் பேர்பெற்ற ஜோன் மொல்சன், கனடாவின் முதல் வெற்றிகரமான நீராவிக் கப்பலான 'அக்கமடேஷன்' என்பதைக் கட்டினார். அதன் எஞ்சின் வார்ப்புகள் துருவா-றிவியேருக்குப் பக்கத்தில் இருந்த சென்-மொறிஸ் இரும்பு ஆலையில் செய்யப்பட்டவை. அது மொன்றியலிலிருந்து கியூபெக் நகரத்துக்கு முதல் பயணம் போனது 1809 நவம்பர் தொடக்கத்தில். ஆறு உறைவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நீராவி எஞ்சின் என்றால் கொதிகலன் நிறையத் தண்ணீர். ஆகவே ஆறு பூட்டுவதற்கு முன் கொதிகலனையும் குழாய்களையும் வடித்துவிட வேண்டும். எஞ்சின் வந்த நாள் முதல் இந்த ஆற்றில் அதுதான் இலையுதிர்கால வேலை.

ஆற்றைக் குடிக்கிற எஞ்சின்

நீராவிக்குப் பிறகு பெற்றோல் எஞ்சின் வந்தது. எரிகிற எஞ்சின் சூடாகும், அதைக் குளிர்விக்க வேண்டும். காருக்கு முன்னால் ரேடியேற்றர் இருக்கிறது, அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றும். போட்டுக்கு அது தேவையில்லை. சுற்றிவர எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் இருக்கிறதே. ஒரு சின்னப் பம்ப் ஆற்றுத் தண்ணீரை இழுத்து எஞ்சினுக்குள் ஓடவிட்டு, சூடானதும் வெளியே துப்பும். அவுட்போர்ட் ஓடும்போது பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது.

அவுட்போர்ட் எஞ்சினைப் பரவலாக்கியவர் ஓலே எவின்றூட். நோர்வேயில் 1877இல் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்கு வந்தவர். எங்களைப் போலக் குடியேறி வந்த வீட்டுப் பிள்ளைதான். வெயில் நாள் ஒன்றில் ஏரிக்கரையில் இருந்த காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கிவரத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது, அதனால்தான் எஞ்சின் செய்ய யோசித்தார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1909இல் மில்வோக்கியில் அவர் விற்கத் தொடங்கிய எஞ்சின் ஒன்றரைக் குதிரைவலு, பாரம் 62 இறாத்தல். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போய் எந்த வள்ளத்திலும் பூட்டலாம். உலகத்துச் சின்ன மீனவர்களின் வாழ்க்கையை மாற்றிய சாமான்களில் அதுவும் ஒன்று.

இதில் கியூபெக்குக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2001இல் எவின்றூட் எஞ்சின் தொழிலை வாங்கியது பொம்பாடியே. வல்கூர் என்ற சின்ன ஊரில் அதைத் தொடங்கிய ஜோசெப்-அர்மோன் பொம்பாடியே, 1934 குளிர்காலத்தில் தன் இரண்டு வயது மகனை இழந்தவர். வயிற்று நோய் வந்த பிள்ளையை, பனி மூடிய பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவர் செய்துகொண்டிருந்த பனிவண்டி அப்போது ஓடுகிற நிலையில் இல்லை. பிறகுதான் அவருடைய பனிவண்டிகள் ஓடத் தொடங்கின. 1959இல் ஸ்கி-டூ வந்தது. எவின்றூட் எஞ்சின் உற்பத்தியை 2020இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆற்றைக் குடிக்கிற எஞ்சின் என்பது கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அது எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அந்தத் தண்ணீரின் குணமும் அதற்குள் போய்விடுகிறது. கடலில் உப்பு போகும். இங்கே, ஒக்ரோபருக்குப் பிறகு, பனிக்கட்டி ஆகப்போகிற தண்ணீர் போகும்.

உறையாத தண்ணீர்

காரோ போட்டோ, ஆரம்ப நாட்களில் குளிர்நாட்டுக்காரருக்கு இருந்த வழி இரவில் தண்ணீரை வடித்துவிட்டுக் காலையில் திரும்ப ஊற்றுவது. பிறகு தண்ணீரில் அல்ககோல் கலந்தார்கள். அது உறையவில்லை, ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். ஒவ்வொரு கிழமையும் திரும்ப ஊற்ற வேண்டும்.

விடை ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுக் கிடந்தது. பிரான்ஸின் வேதியியலாளர் ஷார்ல்-அடோல்ப் வூர்ட்ஸ் 1850களிலேயே எதிலீன் கிளைக்கோல் என்ற திரவத்தைத் தயாரித்திருந்தார். அப்போது கார் என்ற ஒன்றே இல்லை. எஞ்சினை உறையாமல் காக்கிற திரவமாக அது கடைக்கு வந்தது 1927இல்தான். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 பாகை வரைக்கும் உறையாது. தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகக் கோர்த்துப் பனிப்பளிங்கு ஆகவிடாமல் கிளைக்கோல் இடையில் நின்று குழப்பிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் இரகசியம்.

ஒரு எச்சரிக்கை. எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நாய் பூனை நக்கினாலே செத்துவிடும். அதனால் போட் எஞ்சினுக்குள் அதை ஊற்றுவதில்லை. வசந்தத்தில் எஞ்சினை முடுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் நேரே ஆற்றுக்குள் போகும். போட்டுக்கு நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்கோல் இருக்கிறது. கடைகளில் ரோசா நிறத்தில் கலன் கலனாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

கனடாவிலிருந்து இலங்கைக்குப் போன போட்டுகள்

இனி எங்கள் பக்கத்துக் கடலுக்குப் போவோம்.

எங்களில் அதிகம் பேருக்கு கனடாவும் இலங்கைத் தமிழரும் சந்தித்த கதை 1983க்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் மீன்பிடி போட்டுகள் அதற்கு முப்பது வருடம் முன்பே சந்தித்துவிட்டன. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். கனடாவின் சார்பில் வந்தவர் லெஸ்ரர் பியர்சன், பிறகு பிரதமரானவர். ரொறன்ரோ விமான நிலையத்துக்கு அவருடைய பெயர்தான். அந்தக் கூட்டத்தில் பிறந்தது கொழும்புத் திட்டம். அதன்கீழ் கனடா இலங்கையின் மீன்பிடித் துறைக்கு உதவியது. 'மேப்பிள் லீஃப்' என்ற இழுவைப் படகு போனது. 'நோர்த் ஸ்டார்', 'கனேடியன்' என்ற இரண்டு சிறிய எஞ்சின் போட்டுகளும் போயின. கனடாவின் மீன்வள ஆய்வாளர் மெட்கொஃப் 1953 முதல் 1955 வரை அந்தச் சின்னப் போட்டுகளை வைத்து இலங்கைக் கரையோரத்தில் ஆய்வு செய்தார்.

கட்டுமரமும் பாய் வள்ளமும் இருந்த கரைகளில் 1950களின் பிற்பகுதியிலிருந்து எஞ்சின் போட்டுகள் பெருகின. மூன்றரைத் தொன் போட் என்று எங்கள் தாத்தாமார் இப்போதும் சொல்வது அந்தக் காலத்தில் வந்த டீசல் போட்டைத்தான். காற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விடியமுன் போய், பிடித்ததை அழுகமுன் சந்தைக்குக் கொண்டுவரலாம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் நீண்டகரையிலும் அதே பத்தாண்டில் நோர்வேயின் உதவியோடு எஞ்சின் போட்டுகள் வந்தன.

யாழ்ப்பாணத்துக்கும் நோர்வே வந்தது, வேறு வழியால். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்தார். அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். அவரும் ஆர்ணே ஃபியோர்டொஃப்ட் என்ற நோர்வேக்காரரும் சேர்ந்து முயன்றதில் 1960களின் பிற்பகுதியில் சீ-நோர் தொடங்கியது. காரைநகரில் போட் கட்டுகிற தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. அந்தத் தொடர்பின் வழியாக இளைஞர்கள் நோர்வேக்குப் படிக்கப் போனார்கள். பிறகு போர்க்காலத்தில் போனவர்கள் பலர், வடதுருவத்துக்குக் கிட்ட ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள்.

உப்புக்குப் படித்தவர்கள்

எங்கள் கரையில் எஞ்சினுக்கு எதிரி குளிர் இல்லை, உப்பு. கடல் தண்ணீர் ஓடின எஞ்சினுக்குள் உப்புப் படிந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அதனால் ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவ வேண்டும். எஞ்சின் காலில் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டியிருக்கும். உப்பு முதலில் அந்தக் கட்டியைத் தின்னும், எஞ்சின் தப்பும். இந்த யோசனையும் பழையது. ஹம்ப்றி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி 1824இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பாற்ற அப்படிச் செய்து பார்த்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கரைக்கு வந்ததும் எஞ்சினை முன்னுக்குச் சாய்த்து, கால் மேலே வரும்படி தூக்கி வைப்பது. இல்லாவிட்டால் விசிறி மணலில் இடிக்கும், போட்டை இழுக்கவும் முடியாது. எங்கள் ஊர்க் கரைகளின் படங்களைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் போட்டுகளில் எல்லா எஞ்சினும் கால் தூக்கித்தான் நிற்கும்.

போர்க்காலத்தில் இந்தக் கைவினை இன்னும் கூர்மையானது. வடக்கில் எஞ்சினின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போகிற நேரத்துக்குக் கட்டுப்பாடு, எரிபொருளுக்குத் தடை. கிடைத்த மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் இல்லாமல் திருத்தினார்கள். 1990இல் மயிலிட்டி இடம்பெயர்ந்தது. வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று, இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. மாமா அப்படித்தான் அங்கிருந்து வெளிக்கிட்டவர்.

அவருக்கு முன்பே அத்திலாந்திக்கைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஷொட்ஸ் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. உள்ளே 155 தமிழர். ஒரு கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. முதலில் கண்டவர் கஸ் டோல்ரன் என்ற மீனவர். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். கடலோடு வாழ்ந்தவர் ஒருவர்தான் கடலில் கிடந்தவர்களைக் கண்டு சொன்னார் என்பது எனக்கு எப்போதும் மனதில் நிற்கும். அவருக்கு அவர்கள் பேசிய மொழி தெரியாது. குளிர் தண்ணீரில் சின்னப் படகில் இருப்பது என்றால் என்ன என்று தெரியும்.

ஒழுங்கையில் நடந்தது

இனி மாமாவின் எஞ்சின்.

அந்த ஒக்ரோபரில் அவர் போட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ட்ரெயிலரில் வைத்து ஒழுங்கைக்குக் கொண்டுவந்தார். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். எண்ணெய்த் துணியால் துடைத்தார். பிறகு, முப்பது வருடமாக எப்படி வைத்தாரோ அப்படியே எஞ்சினைக் கால் தூக்கி வைத்தார். பெருமையாக ஒரு பிளாஸ்ரிக் படங்கால் மூடிக் கட்டினார்.

எஞ்சினோடு ஒரு கையேடு வந்திருந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். அதைக் கொண்டுவந்து எனக்குக் கிட்ட வைத்தார்.

"தம்பி, உதில குளிருக்கு என்ன செய்யச் சொல்லிக் கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

நான் கொம்பியூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன். "பிறகு பாப்பம் மாமா" என்றேன்.

அவர் இரண்டு தரம் கேட்கிற ஆள் இல்லை.

படங்கு காற்றுக்குக் கிழிந்தது. அவுட்போர்ட்டின் விசிறி நடுவே எரிந்த புகையும் தண்ணீரும் வெளியே போகிற ஒரு துவாரம் இருக்கும். கால் தூக்கி நிற்கிற எஞ்சினில் அது வானத்தைப் பார்த்த வாளி மாதிரி. நவம்பர் மழையும் முதல் பனியும் அதற்குள் போய் நிரம்பின. வடிய வழி இல்லை. ஜனவரியில் மைனஸ் 27 வந்தது. வசந்தத்தில் படங்கை எடுத்தபோது கீழ்ப்பக்க வார்ப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. பற்சக்கரப் பெட்டிக்குள் தண்ணீர் போய் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது.

மாமா குந்தியிருந்து அந்த வெடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "முப்பது வருசம் எஞ்சினோட கிடந்தனான்" என்று மட்டும் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. கையேட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

அன்றிரவு நான் அந்தக் கையேட்டை எடுத்து வாசித்தேன். இரண்டு பக்கத்தில் எல்லாம் இருந்தது. எஞ்சினை நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும், தண்ணீர் எல்லாம் தானாக வடிந்துவிடும். தூக்கிய நிலையில் குளிர்காலத்துக்கு விட்டால் தண்ணீர் உறைந்து வார்ப்பு வெடிக்கும். நான் வாசித்துச் சொல்ல மூன்று நிமிடம் போயிருக்காது.

மயிலிட்டியில் எது சரியோ அது இங்கே பிழை. மாமாவின் அறிவில் குறை ஒன்றும் இல்லை. உப்பை அவர் கரைத்துக் குடித்தவர். குளிரைப் பற்றி அந்தக் கரையில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவை வந்ததில்லை. இங்கே அது கையேட்டில் இருந்தது. கையேடு என் கையில் இருந்தது.

செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ போட் இருந்தால், ஒக்ரோபரில் இதைச் செய்யுங்கள். எஞ்சினுக்குரிய கையேடு சொல்வதுதான் முதலில். இது பொதுவான ஒழுங்கு.

எரிபொருள் தாங்கியில் பெற்றோல் கெடாமல் வைத்திருக்கும் திரவத்தைச் சேருங்கள். எஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குக் குழாய் பூட்டிச் சில நிமிடம் ஓடவிட்டால் அது உள்ளே எல்லா இடமும் போய்ச் சேரும். தண்ணீர் இல்லாமல் ஓட்ட வேண்டாம், பம்ப் எரிந்துவிடும். கையேடு சொன்னால் சிலிண்டருக்குள் துரு பிடிக்காமல் இருக்கும் எண்ணெயை விசிறுங்கள். கீழ்ப் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் ஏற்கெனவே தண்ணீர் போகிறது, குளிருக்கு முன் திருத்த வேண்டும். புது எண்ணெய் விடுங்கள். பற்றரியைக் கழற்றிச் சூடான இடத்தில் வையுங்கள். சார்ஜ் இறங்கிய பற்றரியும் உறையும். கடைசியாக, அவுட்போர்ட்டை நேராக நிமிர்த்தி வையுங்கள்.

எஞ்சின் போட்டுக்குள் இருக்கிற வகை என்றால் அது தானாக வடியாது. வடிகால் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடைப்பு இருந்தால் கம்பியால் குத்தி, முழுதாக வடிக்க வேண்டும். பிறகு ரோசா நிறத் திரவத்தை உள்ளே இழுக்க விட்டு, வெளியே வருகிற தண்ணீரும் ரோசாவாகும் வரை ஓட்ட வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து மாமா இன்னொரு பழைய எஞ்சின் வாங்கினார். அந்தக் கையேட்டை முதல் நாளே முழுக்க வாசித்துச் சொன்னேன். சில இடங்களில் எனக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை, சாமானைத் தொட்டுக் காட்டினேன். அவர் பெயர் சொன்னார். துத்தநாகக் கட்டியைப் பார்த்து, இது உப்புத் தண்ணிக்கு, நல்ல தண்ணிக்கு வேற வேணும் என்று அவர்தான் சொன்னார். கையேட்டைப் புரட்டினேன். சரிதான், ஆற்றுக்கு மக்னீசியம் என்று இருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது.

2017இல் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அடுத்த வருடம் மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருந்த இடத்தில் சுவரும் இல்லை என்றார். ரெலிபோனில் ஒரு படம் காட்டினார். கரையில் ஏழெட்டு போட், எல்லா எஞ்சினும் கால் தூக்கியபடி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அங்க உப்பிடித்தான் வைக்கவேணும்" என்றார்.

இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. எஞ்சினைத் தூக்க முடிவதில்லை. ஒக்ரோபரில் நான்தான் போகிறேன். வேலை முடிந்து ஒழுங்கைக்குள் கார் திரும்பும்போதே அவர் படியில் நிற்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நிமித்தி வைப்பமோ?"